கட்டக்காவும் காணாமல் போன கொலைகாரனும்

எண்டர் விசையைத் தட்டியதும் கட்டக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்வார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி முடிந்து, கீழே அந்தச் சின்னக் கோடு மறுபடியும் கண் சிமிட்டும் வரை கைகள் வெளியே வராது. மூக்கு அரித்தாலும் வராது. ஒருமுறை அப்படி உட்கார்ந்திருந்தபோது மூக்கு நுனியில் ஈ ஒன்று இறங்கியது. உதட்டைக் கோணி ஊதி ஊதியே அதை விரட்டினார்.

"ஐயா வேலை பாக்குறப்போ நம்ம கை சும்மா இருக்காது தம்பி. எதையாவது தட்டி வைக்கும். அதான் கைய அரெஸ்ட் பண்ணிடுறது" என்றார்.

ஐயா என்பது ஆள் இல்லை, கணினிக் கட்டளை. ஐகான்வ் என்று அதற்குப் பெயர். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் எந்தக் குறியேற்ற முறையிலிருந்து எந்த முறைக்கு, எந்தக் கோப்பை, மாற்றியதை எங்கே போடுவது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் அது பாட்டுக்கு மாற்றித் தந்துவிடும். படம் இல்லை, பொத்தான் இல்லை, 'நிச்சயமாகவா?' என்ற கேள்வி இல்லை. வேலை முடிந்தால் 'முடிந்தது' என்றுகூடச் சொல்லாது. பிடிக்காத எழுத்து ஏதாவது வந்தால் மட்டும் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். "ஐயா கோவிச்சுக்கிட்டாரு" என்பார் கட்டக்கா, வீட்டுப் பெரியவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்ட தொனியில்.

கட்டக்கா என்ற பெயரைக் கேட்டு, குட்டையாக யாரையோ எதிர்பார்த்து வருகிறவர்கள் அவர் எழுந்து நின்றதும் அண்ணாந்து பார்ப்பார்கள். ஆள் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. பழைய கோப்பைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிகின்றன என்று ஊரில் பாதிப் பேர் அவரிடம் வந்து நிற்பதால் வந்த பெயர் அது. "அக்கா, எல்லாம் கட்டம் கட்டமா வருது" என்று ஆரம்பித்து, கட்டம் அக்காவாகி, கடைசியில் கட்டக்கா ஆகிவிட்டது. அவருக்கும் இதில் வருத்தம் இல்லை. "நல்லவேளை, சில பேருக்குக் கேள்விக்குறியா வரும். அத வச்சுப் பேரு வச்சிருந்தா?" என்பார்.

அவரைப் பார்க்க வேண்டுமானால் முதலில் பற்களைக் கடக்க வேண்டும். வீட்டின் முன்னறை அவர் கணவருடையது. அவர் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, இவர் அச்சு வார்த்துப் பல் வைத்து இழைத்துத் தருவார். சுவர் முழுவதும் அலமாரி. அலமாரி முழுவதும் வெள்ளை மாவுத் தாடைகள். மேல்தாடைகள் ஒரு வரிசை, கீழ்த்தாடைகள் ஒரு வரிசை. முதல்முறை வருகிறவர்கள் அந்த அறையைக் கடக்கும்போது தங்களை அறியாமல் வாயை இறுக மூடிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தாண்டினால் பின்னறை. ஒரு மேசை, இரண்டு கணினி, தூக்கிப் போட மனசு வராத பழைய ஃபிளாப்பி டிரைவ், துணி உலர்த்தும் கொடி. "அவருக்குப் பல்லு, எனக்குச் சொல்லு. ரெண்டு பேரு பொழப்பும் வாய வச்சுத்தான்" என்பது கட்டக்காவின் அறிமுக வாசகம்.

நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். எனக்குத் தலை நரைத்து வெகுநாளாகிறது. ஆனாலும் அவருக்குத் தம்பிதான். பழைய நூல்களை மறுபதிப்புப் போடலாம் என்று எங்கள் பதிப்பாளருக்கு ஆசை வந்த நாளிலிருந்து அந்தப் பின்னறைக்கு நான் நடையாக நடக்கிறேன்.

முதல் நாளே கேட்டேன், எதனால் இப்படி எழுத்து கெட்டுப்போகிறது என்று. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கெட்டுப்போச்சுன்னு சொல்லாதீங்க. ஃபைலு பாவம், அது அப்படியேதான் இருக்கு. உள்ள எழுத்தெல்லாம் கிடையாது தம்பி, வெறும் நம்பருதான். பன்னெண்டாம் நம்பர் வீட்டுக்குப் போன்னு உங்கள அனுப்புனா என்ன கேப்பீங்க?"

"எந்தத் தெருன்னு கேப்பேன்."

"அதக் கேக்காம தப்பான தெருவுல போய்க் கதவத் தட்டுனா யாரோ ஒருத்தன் வந்து நிப்பான். அவ்வளவுதான் விஷயம். அந்தக் காலத்துல ஆளாளுக்கு ஒரு தெரு போட்டாங்க. இப்ப உலகத்துக்கே ஒரே தெருவுன்னு ஆக்கியாச்சு. நான் பழைய வீட்டுக்காரங்கள எல்லாம் புதுத் தெருவுக்குக் குடி மாத்துறேன்."

எந்தத் தெரு என்று கண்டுபிடிப்பதில்தான் அவருக்குக் குஷி. கோப்பைத் திறந்து, திரையில் தெரியும் அலங்கோலத்தை அப்படியே வாய்விட்டு வாசிப்பார். நாங்கள் சின்ன வயதில் கேட்காத மொழிகளெல்லாம் அதில் வரும். தொப்பி போட்ட ஆங்கில எழுத்து, புள்ளி வைத்த ஆங்கில எழுத்து, நடுவில் ஒரு பணக்குறி. வாசித்துக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துவார். "ஆங், இவன் திஸ்கி வீட்டுப் பையன். மூக்கப் பாத்தாலே தெரியுது." திஸ்கி என்பது பழைய குறியேற்றம் ஒன்று.

பழைய எழுத்துரு ஒன்றில் எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த ஆங்கில விசை என்பது அவருக்கு மனப்பாடம். தொலைபேசியில் ஏதாவது விற்கக் கூப்பிடுகிறவர்களுக்கு அது தெரியாதல்லவா? "வணக்கம், மேடம்" என்று எதிர்முனை குழைந்தால் இவர் அதைவிடக் குழைவாக, "டீ, இசட், எஃப், செமிகோலன், எஃப், கே, செமிகோலன்" என்பார். அந்த எழுத்துருவில் வணக்கத்தை அப்படித்தான் தட்ட வேண்டும். மரியாதைக்குக் குறைவில்லை. எதிர்முனை மட்டும் இணைப்பைத் துண்டித்துவிடும். "பதில் வணக்கம் சொன்னா ஓடிடுறாங்க, என்ன வளப்போ" என்று போனைக் கவிழ்த்து வைப்பார்.

தொழிலின் சிக்கல்களை எல்லாம் ஆட்களைப் பற்றிய புகாராகத்தான் சொல்வார். பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் தட்டிவிட்டுப் பிறகுதான் எழுத்தைத் தட்ட வேண்டும். இப்போதைய முறையில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே வரிசை மட்டும் தலைகீழ். "பழைய ஆளுங்க எல்லாம் கொம்ப முன்னாடி நீட்டிக்கிட்டேதான் வருவாங்க. நாமதான் நைசா பின்னாடி தள்ளி உக்கார வைக்கணும்" என்பார். கால் காணாமல் போவது இன்னொரு தொல்லை. ஒரு கல்யாண அழைப்பிதழில் மாமனார் 'மமனர்' ஆக அச்சாகிவிட்டாராம். "சம்பந்தி சண்டைக்கே வந்துட்டாரு. எங்க அப்பா காலை வாரிட்டீங்களேன்னு பொண்ணு அழுவுது. நான் என்ன பண்ண? நிஜமாவே காலத்தான் வாரிட்டாங்க."

ஏற்கெனவே மாற்றிய கோப்பை யாராவது மறுபடியும் மாற்றி நாசமாக்கிக் கொண்டுவந்தால் கோபம் வந்துவிடும். "குளிச்சு முடிச்சு வந்த புள்ளைக்கு மறுபடி சோப்பு போட்டா கண்ணு எரிஞ்சு கத்தாம என்ன செய்யும்?" ஆனால் உண்மையான அர்ச்சனை மூலக் கோப்பின் மேலேயே வேலை செய்தவர்களுக்குத்தான் கிடைக்கும். மூலத்தை ஓரமாக வைத்துவிட்டு நகலில்தான் கைவைக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். மீறிவிட்டு வந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவை நிற்க வைத்தே கேட்டார்: "சட்டைய ஆல்டர் பண்ணக் குடுத்தா, போட்டிருக்கறவரோட சேத்தா தைப்பீங்க?" அந்தக் குமாஸ்தா போகும்போது முன்னறைத் தாடைகளிடம்கூட முகம் கொடுக்காமல் போனார்.

இத்தனை பேசியவருக்குத்தான் அது நடந்தது.

எங்கள் பதிப்பாளர் ஒரு பழைய துப்பறியும் தொடரைப் புத்தகமாகப் போட நினைத்தார். 'ஈரக் கையுறை' என்று பெயர். ஒரு வாரப் பத்திரிகையில் சக்கைப்போடு போட்ட கதை. அந்தப் பத்திரிகை மூடி எத்தனையோ காலமாகிறது. இதழ்களை யாரும் சேர்த்து வைக்கவில்லை. எழுதியவரிடமும் தாளில் ஒன்றும் இல்லை. இருந்தது ஒரே ஒரு ஃபிளாப்பி. எழுபதைத் தாண்டிய அந்த எழுத்தாளரை எங்கள் அலுவலகத்தில் தொடர்காரர் என்போம். அவர் அதை ஒரு ரொட்டி உறைக்குள் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் அதைக் கட்டக்காவிடம் கொடுத்தேன்.

பழைய டிரைவ் கரகரவென்று இழுத்து எல்லா அத்தியாயங்களையும் ஒரு தடவை படித்தது. அத்தோடு ஃபிளாப்பி உயிரை விட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டாலும் 'டொக் டொக்' என்ற சத்தம்தான். "ஒரு தடவ பேசணும்னு உயிரக் கையில புடிச்சிருந்திருக்கு" என்று அதைத் தடவிக் கொடுத்தார் கட்டக்கா. படித்தவற்றைக் கணினியில் 'மூலம்' என்ற கோப்புறையில் போட்டார். நகலெடுத்து வேலையைத் தொடங்கினார்.

வழக்கமாக அவர் எதையும் படித்துப் பார்க்க மாட்டார். எழுத்து சரியாக வந்தால் போதும். ஆனால் இந்தக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு கட்டட முதலாளி லிஃப்டுக்குள் செத்துக் கிடக்கிறார். பக்கத்தில் ஈரமான ஒற்றைக் கையுறை. சந்தேகத்துக்கு ஒரு பல் டாக்டர், மூக்கால் பாடிக்கொண்டே இருக்கும் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், முதலாளியின் மனைவி. ஒவ்வொரு அத்தியாயமாக மாற்றுவார், உடனே படிப்பார், முன்னறைக்குப் போய்க் கணவரிடம் சொல்வார். கணவருக்குச் சந்தேகமே இல்லை. "பல் டாக்டர்தான். அளவையே ஒழுங்கா எடுக்காதவங்க எதையும் செய்வாங்க."

நான் போயிருந்த அன்று கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதில்தான் ஐயா கோவித்துக்கொண்டார். எங்கோ ஓர் எழுத்தின் எண் சிதைந்திருந்தது. கட்டக்கா பல விதமாகச் சமாதானம் செய்து பார்த்தார். நகல் கோப்பு அலங்கோலமாகிவிட்டது. அதை அழித்துவிட்டு மூலத்திலிருந்து புதிதாக ஒரு நகல் எடுக்கலாம் என்று மூலம் உறைக்குள் போனார்.

அப்போது முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஏய், இங்க வச்சிருந்த கீழ்த்தாடை எங்க?"

"எந்தக் கீழ்த்தாடை?"

"அந்த ஸ்கூல் வாத்தியாரோடது! இப்ப வந்துடுவாரு!"

"ஜன்னல் மேல பாருங்க. நேத்து செடித் தொட்டி பக்கத்துல இருந்துச்சு!"

பதில் சொல்லிக்கொண்டே விரல்கள் தட்டின. நகலெடுக்கும் கட்டளைக்குப் பதில், பழக்க தோஷத்தில், மாற்றும் கட்டளை. அதுவும் மூலம் உறைக்குள்ளேயே. இந்தக் கோப்பை எடு, மாற்று, அம்புக்குறி, இதே கோப்பில் போடு. எண்டர். கைகள் தொடைக்கு அடியில் போயின.

ஐயா ஒன்றும் சொல்லவில்லை. கோடு உடனே கண் சிமிட்டியது. அவ்வளவு சீக்கிரம் சிமிட்டியதுதான் கட்டக்காவை உலுக்கியது. கோப்பின் அளவைப் பார்த்தார். பூஜ்ஜியம்.

பிறகு எனக்கு விளக்கினார். அந்த அம்புக்குறி இருக்கிறதே, அது அவசரக் குடுக்கை. மாற்றியதை வாங்கிக்கொள்ளப் பாத்திரம் வேண்டும் என்று, வேலை தொடங்குவதற்கு முன்பே அந்தப் பெயரில் உள்ள கோப்பைக் கவிழ்த்துக் காலி செய்து தயாராக நிற்கும். எடுப்பதும் போடுவதும் ஒரே கோப்பாக இருந்தால் ஐயா வந்து திறக்கும்போது உள்ளே ஒன்றும் இருக்காது. ஒன்றுமில்லாததைக் கச்சிதமாக மாற்றி, ஒன்றுமில்லாததாகவே வைத்துவிட்டுப் போவார்.

விளக்கியது பிறகு. அப்போது அவர் கைகளைக்கூட வெளியே எடுக்கவில்லை. "கெடச்சிருச்சு! கெடச்சிருச்சு!" என்று முன்னறையில் கணவர் தாடையோடு குதித்தது கேட்டது. கட்டக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குறும்பெல்லாம் வடிந்து, பள்ளிக்கூடத்தில் ஸ்லேட்டை உடைத்துவிட்ட பிள்ளையின் முகமாக இருந்தது.

அழிந்த கோப்பை மீட்கும் வித்தைகள் அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் செய்து பார்த்தார். வேறு யாருடைய கோப்புகளின் துண்டு துணுக்கெல்லாமோ எழுந்து வந்தன. கொலைகாரன் மட்டும் வரவில்லை.

விஷயம் கேட்டுப் பதிப்பாளர் அசரவே இல்லை. "இதுக்கா இவ்வளவு? நாமளே ஒரு முடிவு எழுதிச் சேத்துடலாம். ஏஜெண்ட் கொன்னான்னு முடிச்சுடுங்க. எழுதினவருக்கு எழுபதுக்கு மேல ஆகுது, கண்டா பிடிக்கப் போறாரு?" என்று என்னிடம் போனில் சொன்னார். நான் அதைக் கட்டக்காவிடம் சொன்னேன். ஒரு கணம் அவர் கண்ணில் ஒரு மினுக்கம் வந்தது என்பதை மறைக்க முடியாது. பல் டாக்டரைச் சிக்க வைக்கும் அருமையான முடிவு ஒன்று அவர் மனதில் ஏற்கெனவே இருந்தது. கணவரும் வாசலில் நின்று ஆவலோடு பார்த்தார்.

பிறகு தலையை ஆட்டினார். "என் கையாலதான போச்சு. என் வாயாலதான் சொல்லணும். கிளம்புங்க தம்பி."

"நானுமா?"

"நீங்க ஓடிடாம நான் புடிச்சுக்கறேன், நான் ஓடிடாம நீங்க புடிச்சுக்கோங்க."

தொடர்காரரின் வீடு ஒரு பழைய அடுக்குமாடியின் மேல்தளத்தில். லிஃப்ட் இருந்தது. கட்டக்கா அதற்குள் வர மறுத்துவிட்டார். கதையின் பாதிப்பு. படியேறி மூச்சு வாங்க நின்ற எங்களை அவரே கதவைத் திறந்து உட்கார வைத்தார். மெலிந்த மனிதர். பனியனுக்கு மேல் ஸ்வெட்டர். உள்ளே சமையலறையில் அவர் மனைவி பாத்திரம் உருட்டும் சத்தம்.

கட்டக்கா உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த முன்னுரை எதுவும் வெளியே வரவில்லை. "சார், உங்க கடைசி அத்தியாயம் போயிடுச்சு" என்றார்.

"எங்க போயிடுச்சு?"

"அழிஞ்சு போயிடுச்சு சார்."

"முழுசாவா?"

"ஒரு எழுத்துகூட மிச்சமில்ல."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். கட்டக்கா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். யார் ஓடாமல் இருக்க என்று தெரியவில்லை. கடைசியில் தொடர்காரர் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது.

"யாரும்மா கொன்னது?"

"நான்தான் சார்" என்றார் கட்டக்கா. "வேணும்னு பண்ணல. கீழ்த்தாடைய காணோம்னு கூப்பிட்டாரு, நான் பாக்காம தட்டிட்டேன்."

"யாரோட தாடை? அது இல்லம்மா. கதையில! கதையில யாரு கொன்னது?"

கட்டக்கா என்னைப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கேட்டார்.

"நீங்கதான சார் எழுதுனீங்க?"

"நான்தான் எழுதினேன். வாராவாரம் எழுதினேன். போன வாரம் என்ன எழுதினேன்னு படிச்சுப் பாத்துட்டு இந்த வாரம் எழுதுவேன். யாரு கொன்னாங்கங்கறது கடைசி வாரம்தான் எனக்கே தெரியும். அப்புறம் அடுத்த தொடர் வந்துடும், இது மறந்துடும்." ஸ்வெட்டரைப் பிசைந்தார். "புத்தகமா வந்ததும் தெரிஞ்சுக்கலாம்னு இருந்தேன்."

அப்போதுதான் சமையலறைச் சத்தம் நின்றிருந்ததைக் கவனித்தேன். அவர் மனைவி ஈரக் கையோடு வாசலில் நின்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"உனக்கா? நீ என் கதையப் படிக்கவே மாட்டியே!"

"மத்தது எதையும் படிக்கல. அது ஒண்ணுதான் படிச்சேன். பக்கத்து வீட்டம்மா கொண்டாந்து காட்டுனாங்க. மூக்கால பாடிக்கிட்டே இருக்கறவன், எதையெடுத்தாலும் இன்சூரன்ஸுன்னு ஆரம்பிக்கறவன், காதுல மருவு. அந்த வாரம்தான் என் தம்பியோட நீங்க சண்டை போட்டீங்க. அவனக் கொண்டுபோய்க் கொலைகாரனாக்கி ஜெயில்ல போட்டீங்க." கைகளைப் புடவையில் துடைத்தார். "நான் ஒரு வார்த்த கேட்டேனா? இத்தன வருஷமா கேட்டேனா?"

"மச்சானா? நானா? இருக்காதே..." என்றார் தொடர்காரர். சொல்லும்போதே ஞாபகம் வந்துவிட்டது அவர் முகத்தில் தெரிந்தது.

அந்த அம்மாள் நேராகக் கட்டக்காவிடம் வந்தார். அண்ணாந்து பார்த்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் அழிச்சீங்களா? நல்லா இருப்பீங்க. உக்காருங்க, டீ போடுறேன்."

கட்டக்கா திட்டு வாங்கத் தயாராக வந்தவர். பாராட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

டீ வந்ததும் தொடர்காரர் கப்பை மேசையில் வைத்தார். மறுபடியும் எழுதுகிறேன், ஆனால் ஏஜெண்ட்தான் கொன்றான், அதுதான் மூலம், மூலத்தில் கைவைக்கக்கூடாது என்றார். கட்டக்காவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அவரால் தலையாட்ட முடியவில்லை. எதிரே அந்த அம்மாள் பிஸ்கட் தட்டோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஏஜெண்ட் கொன்னிருக்கவே முடியாது. எட்டாம் அத்தியாயத்துல அவருக்கு வலது கை கட்டு. கையுறை வலது கையோடது. கட்டு மேல எப்படி சார் மாட்டுவாரு?"

தொடர்காரர் திகைத்தார். "எட்டுல கட்டு போட்டிருக்கேனா?"

"மாவுக்கட்டு சார்."

"யாருமே கேக்கலையே!"

"நான் கேக்கறேனே."

பல் டாக்டர் என்று கட்டக்கா மெல்ல ஆரம்பித்துப் பார்த்தார். அது தொடர்காரருக்குப் பிடிக்கவில்லை. பல் டாக்டர் என்றால் வாசகன் முதல் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவான் என்றார். முதலாளியின் மனைவி என்றேன் நான். கொலை செய்கிறவள் என்றாலே மனைவிதானா என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், என் டீ ஆறிவிட்டது.

அதன் பிறகு பல பிற்பகல்கள் கட்டக்கா தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். தொடர்காரருக்குப் புது விசைமுறை வராது. விரல்கள் பழைய இடத்துக்கே போகும். கட்டக்கா ஏதோ செய்து, பழைய விசையைத் தட்டினால் புது எழுத்து விழும்படி வைத்துக் கொடுத்தார். அவர் இரண்டு விரலால் தட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்திக்கு ஒருமுறை நகல் எடுத்தார். ஒன்று கணினியில், ஒன்று பென்டிரைவில், ஒன்று எனக்கு மின்னஞ்சலில். அந்த அம்மாள் பின்னால் நின்று கீரை ஆய்வார், இல்லாவிட்டால் பட்டாணி உரிப்பார். திரையில் ஏஜெண்ட் நுழைந்தால் இருமுவார். ஏஜெண்ட் வெளியேறும் வரை இருமல் நிற்காது. ஒருநாள் இருமல் அதிகமாகி, ஏஜெண்ட் வெளியூர் மாற்றலாகிப் போய்விட்டார்.

கடைசி நாள் நானும் போயிருந்தேன். தொடர்காரர் எங்கள் எல்லோரையும் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரச் சொன்னார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தட்டும்போது அவ்வப்போது நிமிர்ந்து கட்டக்காவைப் பார்த்தார், படம் வரைகிறவர் பார்ப்பதுபோல. ஒருமுறை தானாகச் சிரித்துக்கொண்டார். அந்த அம்மாள் இரும மறந்துவிட்டார்.

"முடிஞ்சுது" என்று கணினியைக் கட்டக்காவின் பக்கம் திருப்பினார்.

கட்டக்கா குனிந்து படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோன ஆள் அது. முதலாளியின் அலுவலகத்துத் தட்டச்சுக்காரி. 'தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்' என்பதைத் தவிர அவளைப் பற்றிக் கதையில் ஒன்றுமே இல்லை. இப்போது அவள் இன்ஸ்பெக்டருக்கு எதிரே எழுந்து நின்றாள். எழுந்ததும் இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. 'எல்லாருடைய எழுத்தும் என் கை வழியாகத்தானே போகிறது? யார் எதை மறைத்தார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?' என்று சொல்லிவிட்டு, நிதானமாக இயந்திரத்துக்கு உறை போட்டாள்.

"சார்!" என்றார் கட்டக்கா. "இவ ஒரே ஒரு வரியிலதான் வர்றா!"

"அதான்மா. ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்." தொடர்காரர் நாற்காலியில் சாய்ந்தார். "கமுக்கமா இருப்பா. ஒரு ஆளக் காணாமப் பண்றது அவளுக்கு ஒரு தட்டு. உனக்குத் தெரியாதா?"

"யாரு? யாரு? என் தம்பி இல்லையே?" என்று அந்த அம்மாள் மேசையைச் சுற்றி ஓடி வந்தார்.

கட்டக்காவின் காது மடல் சிவந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கடைசிப் பத்தியை மறுபடியும் ஒருமுறை முதலிலிருந்து படித்தார். தட்டச்சுக்காரியைக் கைவிலங்கோடு அழைத்துப் போகும் இடத்தில், தொடர்காரரின் சுண்டுவிரல் ஷிப்டை விடாமல் அழுத்தி ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக்கிவிட்டதால், 'கோலைகாரி' என்று விழுந்திருந்தது. கட்டக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைக் 'கொலைகாரி' என்று திருத்தினார். வேறு எதிலும் கைவைக்காமல் கணினியைத் தொடர்காரரின் பக்கமே தள்ளி வைத்தார்.